இடப்பக்கத்து வாத்துகள்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெண்ணைப் பெற்றவர் போக வேண்டிய இடங்கள் ஆயிரம் உண்டு. துப்பறியும் நிலையம் அதில் சேராது. ஆனாலும் திருவையாறு அமிர்தலிங்கம், தஞ்சாவூர் கீழவாசலில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் 'அகிலா துப்பறியும் நிலைய'த்தின் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறினார். அதைக் கீழே பஜ்ஜிக் கடையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தால் ஊர் பார்க்காமல் என்ன செய்யும்?

நிலையத்தை நடத்தும் அகிலாண்டத்துக்கு ஐம்பது வயது. கல்யாணத்துக்கு முந்தைய விசாரணைதான் தொழில். மாப்பிள்ளையின் குடி, பெண்ணின் பழைய காதல், மாமியாரின் வாய் என்று இவற்றிலேயே காலம் ஓடுகிறது. என்றாவது ஒரு கொலை வரும் என்ற நம்பிக்கையில் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருந்தார். இப்போதைக்கு அதை வைத்து மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி படிக்கிறார். உதவியாளன் ரெமிஜியஸுக்குப் பைக் ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் வேலை. சம்பளம் பைக்குக்கு மட்டும்தான்.

அமிர்தலிங்கம் மேசைமேல் இரண்டு துணிப்பைகளை வைத்தார். ஒன்று புத்தம் புதிது. மற்றதை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"இது எங்க வீட்டுத் தாம்பூலப் பை. இது எங்க டிரைவர் சம்சாரம் கருவாடு வாங்கிட்டு வந்த பை."

"ரெண்டாவதை நீங்க சொல்லவே வேணாம் சார், அதுவே சொல்லுது," என்றான் ரெமிஜியஸ்.

இரண்டு பைகளிலும் படம். மேலே பக்கம் பக்கமாக இரண்டு வயல்கள், நடுவில் ஒரு வரப்பு, கீழே இரண்டுக்கும் பொதுவாக ஒரு குட்டை. வயல் முழுக்கத் தலைமுடி போல ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் சுழித்துக்கொண்டு ஓடிக் குட்டையில் போய்க் கலந்தன. புதுப் பையில் 'சதீஷ் - பிரகதீஸ்வரி, திருவையாறு' என்று அச்சடித்திருந்தது. கருவாட்டுப் பையில் 'ராஜ்குமார் - குந்தவை, நாகப்பட்டினம்'.

இந்தத் தை மாதத்தில் டெல்டாவில் வாத்துப் படம் போடாத கல்யாணம் கல்யாணமே இல்லை. பூக்காரத் தெரு ஜாஸ்லினிடம் பெண், மாப்பிள்ளை இருவரின் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்துவிட வேண்டும். அவள் அதைக் கம்ப்யூட்டரில் போடுவாள். உள்ளே இரண்டு வாத்துக் கூட்டம் மேயும். அவை நடந்த தடம்தான் படம். ஒரு கல்யாணத்துப் படம் இன்னொரு கல்யாணத்துக்கு வராது என்பது அவளுடைய உத்தரவாதம். அமிர்தலிங்கம் இதை ஊர் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டவர்.

"வலப்பக்க வயலைப் பாருங்க, ரெண்டு பையிலயும் வேற வேற. சரி, பொண்ணு வேற. இப்ப இடப்பக்கத்தைப் பாருங்கம்மா."

அகிலாண்டம் பூதக்கண்ணாடியை எடுத்தார். அதற்கும் ஒரு நல்ல காலம். இடப்பக்க வயலில் கோட்டுக்குக் கோடு, சுழிக்குச் சுழி, மூலையில் விழுந்திருந்த சின்ன முடிச்சு வரைக்கும் இரண்டும் ஒன்று.

"மாப்பிள்ளை பக்கம் அச்சு அசல்!" அமிர்தலிங்கம் மேசையைத் தட்டினார். "அவன் நாகப்பட்டினத்துல ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டியிருக்காம்மா. டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கறவனுக்கு வாரா வாரம் நாகப்பட்டினத்துல என்ன வேலை? ராஜ்குமார்னு பேரை மாத்திக்கிட்டான். ஆனா பேரை மாத்தலாம், ஜாதகத்தை மாத்த முடியுமா?"

"முடியாதுன்னுதான் சொல்லிக்கிறாங்க," என்றார் அகிலாண்டம்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும். உண்மைன்னா கல்யாணத்தை நிறுத்திட்டு அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்."

"யாரைக் கேட்டு நிறுத்துவீங்கப்பா?"

வாசலில் கல்யாணப் பெண் பிரகதீஸ்வரி நின்றாள். கையில் ஸ்கூட்டி சாவி, முழங்கை வரை மருதாணி.

"நீ எப்படிம்மா இங்க வந்தே?"

"தலையில துண்டோட கிளம்பினீங்களே, அதான் பின்னாடியே வந்தேன்." அவள் அகிலாண்டத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், நாலு மாசமா அவர்கிட்ட ஃபோன்ல பேசறேன். ஒரு சின்னப் பொய் சொல்லணும்னாலே அவருக்கு மூணு தடவை இருமல் வந்துடும். இவர் எங்க ரெண்டு குடும்பம் நடத்தறது? எனக்கு அவர்தான் வேணும். ஆனா சந்தேகத்தை வச்சுக்கிட்டுக் கழுத்தை நீட்ட மாட்டேன். எது உண்மையோ அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு படியிறங்கினார்கள். கீழே பஜ்ஜிக் கடையில் அடுத்த ஈடு போட்டிருந்தார்கள், கூட்டம் கலையவில்லை.

*

"நீதான் மாப்பிள்ளை. நான் உன் அத்தை," என்றார் அகிலாண்டம், பூக்காரத் தெருவில் பைக்கை விட்டு இறங்கும்போது. "கேஸைப் பத்தி மூச்சு விடக்கூடாது. பையையும் காட்டக்கூடாது."

"பொண்ணு யாருன்னு கேட்டா?"

"இன்னும் அமையலைன்னு சொல்லு."

"அதுதான் உண்மையே. இதுல நடிப்புக்கு எங்க மேடம் இடம்?"

ஜாஸ்லின் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். மாடி அறைச் சுவரெல்லாம் தேறாத படங்கள். ஒன்றில் எல்லா வாத்தும் ஒரே மூலையில் போய் அடைந்து கருப்பாக ஒரு பொட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

"அன்னைக்குத் தண்ணிக்குச் சரிவை அதிகமா குடுத்துட்டேன், எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு," என்று சிரித்தாள். "நான் எதையும் வரையறது இல்லைங்க அத்தை. சேறு காலை எவ்வளவு இழுக்கணும், தண்ணி எந்தப் பக்கம் ஓடணும், ஒரு வாத்து பக்கத்து வாத்தைப் பார்த்தா எவ்வளவு ஒட்டணும், எவ்வளவு விலகணும், இதை மட்டும்தான் புரோகிராம்ல எழுதறேன். மிச்சமெல்லாம் அதுங்க பாடு. அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்கறவங்க பட்டியைத் திறந்து விடறதைப் பார்த்திருக்கீங்கல்ல? அதேதான். இங்க சேறும் கிடையாது, வாத்தும் கிடையாது. எல்லாம் கணக்கு."

"பிறந்த நேரம் எதுக்கும்மா?"

"அந்த எண்கள்தான் கூட்டத்தோட குணம். பசி எவ்வளவு, பயம் எவ்வளவு, முதல் அடி எந்தத் திசை எல்லாம் அதுல இருந்து வரும். அண்ணன், உங்க நேரம் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்கு மணி அடிக்கறப்போ பிறந்தேன்னு அம்மா சொல்லுவாங்க. எட்டு மணின்னு வச்சுக்கங்க."

தட்டினாள். திரையில் வலப்பக்க வயலின் மூலையில் ஒரு படல் திறந்து புள்ளிப் புள்ளியாக வாத்துகள் வெளியே வந்தன. வந்தவற்றில் பாதி அங்கேயே நின்றுவிட்டன.

"ஏன் நகர மாட்டேங்குது?" என்றான் ரெமிஜியஸ்.

"பசி கம்மியா வந்திருக்கு. சோம்பல் கொஞ்சம் ஜாஸ்தி."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுடா," என்றார் அத்தை.

ஜாஸ்லின் எட்டு மணியை எட்டு ஒன்று ஆக்கினாள். இந்த முறை அதே வாத்துகள் எல்லாம் வரிசை கட்டி வாய்க்கால் ஓரமாக ஓடின. படம் தலைகீழாக மாறிப்போனது.

"ஒரு நிமிஷத்துக்கேவா?"

"ஆமா. முதல் வாத்தோட முதல் அடி மயிரிழை மாறும். அதைப் பார்த்து அடுத்தது ஒதுங்கும், அதைப் பார்த்து அதுக்கு அடுத்தது. குட்டைக்குப் போறதுக்குள்ள ஊரே மாறியிருக்கும். ஆனா எட்டு மணின்னு திரும்பக் குடுத்தா நூறு தடவை ஓட்டினாலும் பழைய படமேதான். அதிர்ஷ்டம், குருட்டாம்போக்கு எதுவும் உள்ள கிடையாது."

அகிலாண்டம் எதுவும் தெரியாதவர் போலக் கேட்டார். "அப்போ ரெண்டு கல்யாணத்துல ஒரே வயல் வர வாய்ப்பே இல்லையா?"

"ஒரே ஆள் ரெண்டு கல்யாணம் பண்ணிக்கிட்டா வரும்!" என்று ஜாஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அத்தையும் மாப்பிள்ளையும் சிரிக்கவில்லை.

"குடுத்த விவரம் எல்லாம் பத்திரமா வச்சிருப்பியாம்மா?"

"அச்சுக்குப் போனதும் அழிச்சுடுவேன் அத்தை. ஒருதடவை ஒரு நாத்தனார் வந்து அண்ணியோட உண்மையான வயசைச் சொல்லுன்னு இங்கயே உக்காந்துட்டாங்க. அதுல இருந்து இந்தப் பழக்கம்."

மாதிரிக்கு என்று ரெமிஜியஸின் சோம்பேறி வாத்துகளை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"சதீஷ் தம்பி மாட்டினார் மேடம்," என்றான் தெருவுக்கு வந்ததும். "இருமல் மருந்து குடிச்சுட்டுப் பொய் சொல்லியிருக்கார்."

*

திருவாரூர் தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் எடுத்துக்கொண்டது. காயப்போட்டிருந்த நெல்லுக்கு வழிவிட்டு, காலால் அளைந்துகொண்டு நடந்த பெண்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, இருவரும் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊரில் ராஜ்குமார்கள் எத்தனையோ பேர். ஆனால் தாம்பூலத்துக்கு வாத்துப் பை கொடுத்த ராஜ்குமார் ஒருவர்தான். ஐஸ் கம்பெனி ராஜ்குமார் என்று கருவாட்டுக் கடையிலேயே அடையாளம் சொல்லிவிட்டார்கள்.

அகிலாண்டம் கைப்பேசியில் சதீஷின் புகைப்படத்தைத் தயாராக வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார். படத்தில் இருந்தவன் ஒல்லி, நெட்டை, தலைகொள்ளாத முடி.

கதவைத் திறந்தவர் உருண்டையாக, குட்டையாக, பளபளவென்று ஒரு வழுக்கையோடு நின்றார். "ராஜ்குமார்தான். சொல்லுங்க, என்ன வேணும்?"

"மேடம், மாறுவேஷம்னாலும் இவ்வளவு உயரத்தைக் குறைக்க முடியாது," என்று ரெமிஜியஸ் காதில் சொன்னான்.

"தாம்பூலப் பைக் கம்பெனியில இருந்து வர்றோம்," என்றார் அகிலாண்டம், முகம் மாறாமல். "பை தரமா இருந்துச்சான்னு கேட்டுட்டுப் போகலாம்னு."

பைக்குக்கூடத் தரம் கேட்க வீடு தேடி வருகிறார்களே என்று ராஜ்குமாருக்கு ஒரே பெருமை. உட்கார வைத்தார். மனைவி குந்தவை டீ கொண்டுவந்தாள். சுவரில் கல்யாணப் புகைப்படம். அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டிய வாத்துப் படம். இடப்பக்க மூலையில் அதே முடிச்சு.

சதீஷ் இங்கே இல்லை. சதீஷின் வாத்து மட்டும் இருக்கிறது. இது என்ன கூத்து?

அப்போது குந்தவையின் மாமனார், சைக்கிள் கைப்பிடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கினார். எழுபது வயது, தேக்குக் கட்டை உடம்பு. வந்த ஆள் யார் எவர் என்றுகூடக் கேட்காமல் பேச்சில் சேர்ந்துகொண்டார்.

"பையெல்லாம் நல்ல பைதாம்மா. ஆனா அந்தப் படம் அவ்வளவு லட்சணமா வந்ததுக்குக் காரணம் எங்க மருமக ஜாதகம். தரகர் பக்கிரி கொண்டாந்தாரு. வலை போட்டுத் தேடினாலும் ஒரு தோஷம் சிக்காது!"

குந்தவையின் கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. டீ கொஞ்சம் சிந்தியது.

அகிலாண்டம் சிந்திய டீயைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்தார். அதில் ராஜ்குமார் இடப்பக்கம், குந்தவை வலப்பக்கம். எல்லார் வீட்டுப் புகைப்படத்திலும் அப்படித்தான்.

"ரெமி, காலையில உன் வாத்து எந்த வயல்ல நின்னுச்சு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவன் சட்டைப்பையிலிருந்த தாளைப் பிரித்தான். "வலப்பக்கம் மேடம். நின்னுச்சு, நிக்குது, இன்னும் நிக்கும்."

"நீ மாப்பிள்ளை. உன்னை எதுக்கு வலப்பக்கம் போட்டா?"

"அதுதானே முறை? பொண்ணு இடப்பக்கம், மாப்பிள்ளை வலப்பக்கம்."

"போட்டோவைப் பாருடா. மாப்பிள்ளை எந்தப் பக்கம் இருக்கார்?"

"போட்டோக்காரர் முன்னாடி நிப்பார் மேடம். எங்க கோயில்ல பொண்ணும் மாப்பிள்ளையும் பீடத்தைப் பார்த்து நிப்பாங்க, நாங்க எல்லாம் பின்னாடி உக்காந்திருப்போம். ஜாஸ்லினுக்கும் அப்படித்தான் பழக்கமா இருக்கும். நான்கூட எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கேன், ஒரு மாப்பிள்ளை மூஞ்சியும் ஞாபகமில்லை. முதுகைக் காட்டினா பேர் சொல்லிடுவேன்."

அகிலாண்டம் வாசலுக்கு வந்து ஜாஸ்லினுக்கு ஃபோன் போட்டார். கேள்வி ஒன்றுதான். பதிலும் ஒரு வரிதான். "இடப்பக்கம் பொண்ணுதான் அத்தை, வேற எங்க போடறது?"

ரெமிஜியஸ் வாயைப் பிளந்தான். "அப்போ ரெண்டு பையிலயும் ஒண்ணா இருக்கறது மாப்பிள்ளை இல்லையா? பொண்ணா? பிரகதீஸ்வரியும் இந்தக் குந்தவையும் ரெட்டைப் பிறவியா மேடம்?"

"ஜெராக்ஸ் பிறவி. பக்கிரிகிட்ட ஒரு நல்ல ஜாதகம் இருந்திருக்கு. வேண்டியவங்களுக்கெல்லாம் அதையே எடுத்துக் குடுத்திருக்கான். பிறந்த தேதி இடிக்குதேன்னு யாராவது கேட்டா, ஸ்கூல்ல தப்பாக் குடுத்துட்டோம்னு சொல்லிடலாம். நம்ம ஊர்ல யாருக்குத்தான் ரெண்டு பிறந்த நாள் இல்லை?"

பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. "அக்கா, நீங்க பைக்காக வரலைன்னு தெரியும்." குந்தவை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "மாமாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு மூல நட்சத்திரம். மூலத்துல பிறந்த பொண்ணு வந்தா மாமனார் உயிருக்கு ஆகாதுன்னு ஒருத்தரும் கட்ட வரலை. அதான் அப்பா பயந்துபோய்..."

உள்ளே மாமனார் வஞ்சிரத்தைச் செதில் சீவியபடி, கிட்ட வந்த பூனையை எட்டு வீடு கேட்கும்படி அதட்டிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆகி மூணு வாரம் ஆச்சு, அவருக்கு என்ன ஆகியிருக்கு?" என்றான் ரெமிஜியஸ். "ஆனதெல்லாம் மீனுக்குத்தான்."

"பை தரம் நல்லா இருக்குன்னு எழுதிக்கறேம்மா," என்று குந்தவையின் தோளைத் தட்டினார் அகிலாண்டம். "வேற எதுவும் நான் இங்க கேக்கலை, நீயும் சொல்லலை."

குந்தவையின் பேர் வேறு யார் கண்ணிலும் படாதபடி, கூடக் கொண்டுவந்திருந்த கருவாட்டுப் பையைக் கடற்கரைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

*

மறுநாள் சாயங்காலம் திருவையாற்று வீட்டில் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து இறங்கியிருந்தார்கள். கூடத்தின் நடுவில் சதீஷும் அவன் அம்மா விஜயலட்சுமியும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அகிலாண்டத்துக்குச் சுருக்கென்றது.

"நான்தான் வரச்சொன்னேன்," என்றார் அமிர்தலிங்கம் சத்தமாக. "நீங்க கண்டுபிடிச்சதை அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"கொஞ்சம் தனியா பேசலாமா?"

"தனியா என்ன பேச்சு?"

"பின்கட்டுல ஒரு நிமிஷம்..."

"சபையில சொல்லுங்கம்மா! என் பொண்ணு வாழ்க்கை!"

"மேடம், அவரே கேக்கறார்," என்று ரெமிஜியஸ் முணுமுணுத்தான். "விருந்தாளி கேட்டா பரிமாறிடணும்."

அகிலாண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு வேற கல்யாணம் எதுவும் ஆகலை. அவர் பேர்ல ஒரு குறையும் இல்லை. படத்துல இடப்பக்க வயல் மாப்பிள்ளையோடது இல்லை, பொண்ணோடது. உங்க வீட்டுல இருந்து போன பொண்ணு ஜாதகமும் இன்னொரு வீட்டுப் பொண்ணோட ஜாதகமும் ஒண்ணு. தரகர் பக்கிரி குடுத்தது."

கூடத்தில் பலகாரம் மெல்லும் சத்தம் நின்றது. அமிர்தலிங்கத்தின் கை தானாகவே துண்டைத் தேடியது. தலையில் போட்டுக்கொள்ள இப்போது நேரம் கடந்துவிட்டது.

"வேற கல்யாணமா?" சதீஷ் எழுந்தான். "என்னை ரெண்டு பொண்டாட்டிக்காரன்னு நினைச்சீங்களா மாமா? வாரா வாரம் போட் இன்ஜினுக்கு ஸ்பேர் கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன். பரவாயில்லை, எனக்கு அதுல ஒண்ணும் கோபமில்லை." உடனே மூன்று தடவை இருமினான்.

பிரகதீஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்தாள். "என் ஜாதகம் எங்கப்பா?"

"பீரோவுல இருக்கும்மா." மனிதர் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு மூலம். உன் ஜாதகத்தைக் காட்டினப்ப எல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. உங்கம்மாவும் இல்லை, யார்கிட்டப் போய்ச் சொல்றது? ஊர் பூரா பக்கிரி குடுத்த ஜாதகத்தைச் சுத்துக்கு விட்டாச்சு. அப்புறம்தான் இந்த இடம் வந்துச்சு. அதுக்கு மேல எப்படி மாத்திச் சொல்றது?"

விஜயலட்சுமி மெதுவாக எழுந்தார். டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மெக்கானிக்குகளை மேய்த்துப் பழகிய அம்மாள். இனி கல்யாணம் நின்றுவிடும் என்று ஓரத்தில் இரண்டு பேர் செருப்பைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

"சம்பந்தி, மூலம் யாருக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க?"

"மாமனாருக்கு."

"எங்க வீட்டுக்காரரை நீங்க எங்க பார்த்தீங்க?"

"உங்க வீட்டுக் கூடத்துல... போட்டோவுல."

"போட்டோவுக்கு மாலை போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"மாலை போட்ட மனுஷனை உங்க பொண்ணு வந்து இன்னும் என்னய்யா பண்ணிடுவா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். அது சதீஷ் இல்லை.

"மாமனார் இல்லாத வீடா பார்த்து மூலப் பொண்ணுக்காரங்க எத்தனை பேர் என் கடை வாசல்ல வந்து நின்னாங்க தெரியுமா? உண்மையைச் சொல்லியிருந்தா முதல் பார்வையிலயே முடிஞ்சிருக்கும். ஒண்ணுமில்லாததை மறைக்க இவ்வளவு பாடு. அதுக்கு மேல என் பையனுக்கு ரெண்டாவது பொண்டாட்டி வேற!" அவர் பிரகதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னது உங்கப்பா. அவரை நான் அப்புறம் வச்சுக்கறேன். நீ என்ன சொல்றே? உன்னையும்தான் ஏமாத்தியிருக்கார்."

அதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. துப்பறிந்தவர்கள், ஜாதகம் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் யாருமே.

"கல்யாணம் நடக்கணும் அத்தை," என்றாள். "ஆனா அந்தப் பை வேண்டாம். அதுல நடக்கறது யாரோட வாத்தோ. எனக்கு என்னோடது வேணும்."

ஆயிரம் பையைத் திரும்ப அச்சடிக்க நேரமில்லை. பைகளை உள்வெளியாகத் திருப்பிவிடுவது என்று முடிவானது. திருப்பும் வேலை முழுவதும் அமிர்தலிங்கத்துக்கு என்று சம்பந்தியம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

பிரகதீஸ்வரி வீடியோ காலில் ஜாஸ்லினைக் கூப்பிட்டாள். கைப்பேசியைக் கூடத்து டிவியில் இணைத்தார்கள். திரையில் ஜாஸ்லின் தெரிந்தாள், பென்சில் கொண்டையோடு. சதீஷ் தன் பிறந்த விவரத்தைத் திரும்பச் சொன்னான். "இப்ப பொண்ணோட உண்மையான பிறந்த நேரம் சொல்லுங்க. ஒரு நிமிஷம் தப்பினாலும் வேற யாரோட படமோ ஆயிடும்."

பிரகதீஸ்வரிக்குத் தெரியாது. அம்மா இல்லை. எல்லோரும் அமிர்தலிங்கத்தைப் பார்த்தார்கள். அதுதான் அவர் இத்தனை காலம் வாய் திறக்காத விஷயம். இப்போது உறவுக்காரர் அத்தனை பேர் முன்னிலையில் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஊரையும் தேதியையும் சொன்னார். "விடிகாலை நாலே காலு."

பிறகு தலையை ஆட்டினார். "இல்லை. நாலு பதினேழு. நர்ஸ் வந்து பொண்ணுன்னு சொன்னதும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்."

இடப்பக்க வயலில் படல் திறந்தது. பழைய பையில் வாத்துகள் வரிசையாக, நல்ல பெயர் எடுக்க நினைப்பவை போலப் போயிருந்தன. இவை அப்படி இல்லை. வெளியே வந்ததும் நாலா பக்கமும் சிதறின, ஒன்றையொன்று இடித்தன, சேற்றில் சறுக்கின, திரும்பவும் கூடின. பிறகு மொத்தக் கூட்டமும் குட்டைப் பக்கம் போகாமல் நடு வரப்பை நோக்கி நெருக்கியது. பின்னால் இருந்தவை தள்ளத் தள்ள, முன்னால் இருந்த ஒன்று வரப்பின் மேலேயே ஏறிவிட்டது.

"இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லைங்க," என்றாள் ஜாஸ்லின். "வரப்பு உயரம் கொஞ்சமாத்தான் வச்சேன், தள்ளினா ஏறும். கணக்குப்படி சரிதான். ஆனா இதுவரைக்கும் எந்தப் பொண்ணோடதும் ஏறினதில்லை. நிறுத்திடவா?"

"நிறுத்தும்மா!" என்று பதறினார் அமிர்தலிங்கம். "சபையில அடக்கம் ஒடுக்கம் இல்லாம!"

"யாரும் எதையும் நிறுத்தாதீங்க," என்றார் விஜயலட்சுமி. "வரட்டும்."

வரப்பைத் தாண்டி அவை சதீஷின் வயலில் கொத்துக் கொத்தாகக் குதித்தன. அங்கே அமைதியாக மேய்ந்துகொண்டிருந்த சதீஷின் வாத்துகள் மிரண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி, வயலில் பாதியை விட்டுக்கொடுத்தன.

சதீஷ் திரையைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகக் கேட்டான். "இந்த இடம் போதுமா?"

"போதாது," என்றாள் பிரகதீஸ்வரி.